வெளியில் படம் எடுக்கும்போது சென்சாரில் தூசி விழுந்தால்: அங்கேயே என்ன செய்யலாம், எதை இரவு அறைக்கு ஒத்திப்போடலாம்

தனுஷ்கோடியில் அரிச்சல்முனைப் பக்கம் காற்று கொஞ்சம் வேகம் எடுத்தாலே போதும், மணல் தரையோடு தரையாகச் சாலை மேல் ஓட ஆரம்பித்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கேட்கவே வேண்டாம். அங்கே நின்று ஒரு முறை லென்ஸ் மாற்றிவிட்டு, பாதி வானம் பாதி கடலாக எஃப்16-ல் (லென்ஸ் துவாரத்தை நன்றாகச் சுருக்கி) ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், வானத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள் நாலைந்தாவது இருக்கும். லென்ஸுக்குப் பின்னால் படத்தைப் பதிவு செய்கிற சென்சாரில் விழுந்த தூசிதான் அது. அந்த நேரத்தில் சிலர் கண்டுகொள்ளாமல் எடுத்துத் தள்ளிவிட்டு வீட்டில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான படங்களில் புள்ளி அழிக்கிறார்கள், சிலர் பதறிப்போய் அங்கேயே கைக்குட்டை நுனியை உள்ளே விடுகிறார்கள். இரண்டாவது ரகம்தான் கேமராவைக் கெடுத்துக்கொள்வது.

வெளியில் நிற்கும்போது சென்சாரைப் பளிச்சென்று ஆக்கவேண்டிய அவசியம் கிடையாது. அன்றைக்கு எடுக்கவேண்டிய படம் கெடாமல் வந்தால் போதும். மீதியை இரவு பார்த்துக்கொள்ளலாம். கீழே சொல்வதெல்லாம் இந்த எண்ணத்தில்தான்.

முதலில், அது சென்சார் தூசிதானா?

டிஎஸ்எல்ஆர் (உள்ளே மிரர் உள்ள கேமரா) வைத்திருப்பவர்கள் வியூஃபைண்டரில் தெரிகிற தூசியைப் பார்த்துக் கவலைப்படவேண்டாம். அது ஃபோகசிங் ஸ்கிரீனிலோ மிரரிலோ உட்கார்ந்திருக்கும், படத்தில் வராது. லென்ஸின் முன்கண்ணாடித் தூசியும் பெரும்பாலும் புள்ளியாக விழாது. சூரியனை நோக்கி எடுத்தால் மட்டும் வெளுத்த வட்டங்களாகத் தெரியும், அல்லது படமே கொஞ்சம் மங்கலாக இருக்கும். கடற்கரையில் உப்புச் சாரல் பட்ட ஃபில்டர் இதைத்தான் செய்யும், துடைத்தால் சரியாகிவிடும்.

சென்சார் தூசிக்கு இரண்டு அடையாளம். கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும், ஜூம் செய்தாலும், லென்ஸையே மாற்றினாலும் ஃபிரேமில் அதே இடத்தில் நிற்கும். எஃப் எண்ணைக் குறைத்து அப்பர்ச்சரை, அதாவது லென்ஸ் துவாரத்தைத் திறந்தால் வெளிறி மறையும், எண்ணைக் கூட்டி மூடினால் கறுத்துத் தெளிவாகும். இரண்டும் பொருந்தினால் சென்சார்தான். அப்படியே என்றாலும் பயப்படவேண்டாம், ஏனென்றால் தூசி உட்காருவது சென்சார் சில்லின் மேல் அல்ல, அதற்கு முன்னால் இருக்கிற ஃபில்டர் கண்ணாடியின் மேல்.

சோதனைப் படம் எடுப்பது

அப்பர்ச்சர் பிரையாரிட்டி, ஐஎஸ்ஓ 100, எஃப்16. மேனுவல் ஃபோகசுக்கு மாற்றி, மிக அருகில் இருக்கும் பொருளுக்கு ஃபோகசை வைத்துவிட்டு, மேகம் இல்லாத வானத்தைப் பார்த்துப் பிடியுங்கள். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (ஒளி இரண்டு மடங்கு) ஏற்றினால் வானம் வெளிர்ந்து, புள்ளி தூக்கலாகத் தெரியும், ஆனால் முழு வெள்ளையாக வெளுத்துப்போகக்கூடாது. ஷட்டர் மெதுவாக இருந்தால் இன்னும் நல்லது. திறந்திருக்கும்போது கேமராவை வேண்டுமென்றே கொஞ்சம் ஆட்டுங்கள், வானத்தில் இருக்கிற சின்னச் சின்ன வேறுபாடெல்லாம் கரைந்துபோகும், சென்சாரோடு சேர்ந்தே ஆடுகிற தூசி மட்டும் கூர்மையாக நிற்கும். வானம் சரியில்லையா, மொபைலில் ஒரு வெள்ளைப் படத்தைத் திறந்து லென்ஸுக்கு முன்னால் ஒட்டிப் பிடித்தும் எடுக்கலாம்.

எஃப்22-ல் சோதிக்காதீர்கள். வாழ்நாளில் எந்தப் படத்திலும் தெரியாத தூசியையெல்லாம் அது காட்டி உங்களை அலைக்கழிக்கும்.

எடுத்ததைத் திரையில் முழுதாகப் பெரிதாக்கி, மேல் இடது மூலையில் ஆரம்பித்து வரி வரியாக நகர்த்திப் பாருங்கள். வெயிலில் திரை தெரியாது, தலைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. விளிம்பு மங்கிய சாம்பல் புள்ளி என்றால் சாதாரணத் தூசி. சுருண்ட கோடு என்றால் துணி நூல். நடுவில் வெளுத்து, சுற்றி வளையமாக இருந்தால் எண்ணெய்த் துளியாக இருக்க வாய்ப்பு அதிகம், அதை வெளியில் வைத்து ஒன்றும் செய்யமுடியாது. இந்தச் சோதனைப் படத்தை அழிக்காதீர்கள், இரவு தேவைப்படும்.

இடம் கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது. லென்ஸ் படத்தைத் தலைகீழாக விழவைக்கிறது. ஆகவே லென்ஸைக் கழற்றி, கேமராவை நேராக உங்கள் முகத்துக்கு எதிரே பிடித்தால், படத்தில் மேலே இருந்த புள்ளி சென்சாரில் கீழே இருக்கும். இடது வலது மாறாது, படத்தில் இடதுபுறம் இருந்தது உங்களுக்கும் இடதுபுறமே. வானத்துப் புள்ளிகள் எல்லாம் சென்சாரின் கீழ்ப்பாதியில் இருக்கின்றன என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

இன்றைய படத்துக்கு இந்தத் தூசி தடையா?

பலர் இதை யோசிப்பதே இல்லை. ஆனால் வெளியில் எடுக்கவேண்டிய முடிவுகளில் முக்கியமானது இதுதான்.

தூசி இருக்கும் கண்ணாடியின் மேல்பரப்புக்கும் ஒளியைப் பதிவு செய்யும் தளத்துக்கும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம், கேமராவுக்குக் கேமரா மாறும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒளி கூம்பாக வந்து சேர்கிறது. அந்தக் கூம்பு தூசி இருக்கும் மட்டத்தில் எவ்வளவு அகலம் என்பதை, இடைவெளியை எஃப் எண்ணால் வகுத்தால் கண்டுபிடித்துவிடலாம். எஃப்16-ல் 0.125 மில்லிமீட்டர், எஃப்8-ல் 0.25, எஃப்2.8-ல் 0.7. இப்போது 0.1 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துகள் அங்கே இருந்தால், எஃப்16-ல் அது அந்தக் கூம்பின் பாதிக்கும் மேல் மறைத்துவிடும், கறுப்புப் புள்ளி. எஃப்8-ல் 16 சதவீதம் மறைக்கும், வெறும் வானத்தில் உற்றுப் பார்த்தால் தெரியும். எஃப்2.8-ல் 2 சதவீதம், யார் கண்ணுக்கும் தெரியாது.

அதனால்தான் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டில் புழுதி பறக்க எஃப்4-ல் 1/2000 நொடியில் எடுப்பவருக்குச் சென்சார் தூசி ஒரு பிரச்சினையே இல்லை. அவர் அதற்காக வாடிவாசல் முன்னால் நின்று கேமராவைத் திறந்தால்தான் பிரச்சினை ஆரம்பிக்கும். பறவை, திருமணம், போர்ட்ரெய்ட், இரவில் பால்வெளி எல்லாம் இதே கணக்குதான். திறந்த அப்பர்ச்சரில் வேலை நடக்கிறது என்றால் கேமராவைத் திறக்காதீர்கள், எடுத்துக்கொண்டே போங்கள். நிலக்காட்சி, நீண்ட எக்ஸ்போஷர், மேக்ரோ, இந்த மூன்றுக்கும்தான் அடுத்த படிகள்.

பனோரமா எடுக்கிறவர்கள் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். ஒரே புள்ளி ஒவ்வொரு ஃபிரேமிலும் வந்து, ஒட்டிய பிறகு வானம் முழுக்க வரிசையாக நிற்கும். வீடியோவில் கேமராவைப் பக்கவாட்டில் திருப்பினால் காட்சி நகர, புள்ளி மட்டும் நகராமல் அப்படியே நிற்பது இன்னும் மோசம்.

முதல் சிகிச்சை: கேமராவே உதறட்டும்

2003-ல் ஒலிம்பஸ் இ-1 சென்சாருக்கு முன்னால் அதிரும் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தது, அதன் பிறகு ஒவ்வொரு நிறுவனமாக இதே வழிக்கு வந்தது. உங்கள் கேமராவிலும் அநேகமாக இருக்கும். மெனுவில் சென்சார் கிளீனிங் என்று தேடுங்கள். கேமராவின் அடிப்பாகம் கீழே இருக்கும்படி நேராக ஒரு தட்டையான இடத்தில் வைத்துவிட்டு இயக்குங்கள், கையில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அல்ல. இரண்டு மூன்று முறை செய்து மறுபடி எஃப்16 சோதனை. உலர்ந்த, லேசான தூசி என்றால் இதிலேயே போய்விடும். லென்ஸைக் கழற்றாமலே முடிகிற வேலை என்பதால் எந்த இடத்திலும் தைரியமாகச் செய்யலாம்.

இரண்டாவது: ப்ளோயர் (கையால் அழுத்திக் காற்றடிக்கும் ரப்பர் குமிழ்)

இங்கே இடம்தான் முக்கியம். கார் இருந்தால் உள்ளே உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியை அணைத்து, உள்ளே சுழலும் தூசி அடங்க ஐந்து நிமிடம் விடுங்கள். ஏசி ஓடிக் குளிர்ந்த கேமராவை அந்தக் கடற்கரை ஈரக்காற்றில் அப்படியே திறந்தால் கண்ணாடியில் ஆவி படியும், தூசி அதோடு ஒட்டிக்கொள்ளும். பைக்குள்ளேயே அரைமணி நேரம் வைத்து வெளிச்சூட்டுக்கு வந்தபின்தான் திறக்கவேண்டும். பைக்கில் வந்தவர்கள் காற்று அடிக்காத ஒரு கடைக்குள்ளோ, அடைத்த அறைக்குள்ளோ போய்விடுங்கள். தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயச் சுவருக்குப் பின்னால் நின்றால் போதும் என்று தோன்றும், போதாது, அங்கே மணல் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்து விழும். நல்ல இடம் கிடைக்கவில்லை என்றால் இந்தப் படியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். திறக்காத கேமராவில் இருக்கிற நாலு புள்ளி நாலாகவே இருக்கும்.

லென்ஸைக் கழற்றுமுன் லென்ஸும் பாடியும் சேரும் அந்த வளைய இடுக்கைப் பாருங்கள். தனுஷ்கோடி மாதிரி இடத்தில் அந்த இடுக்கில் மணல் மணியாகக் கோர்த்து நிற்கும், லென்ஸைத் திருகும்போது கறகறவென்று சத்தம்கூட வரும். அப்படியே திருகிக் கழற்றினால் அதெல்லாம் நேராக உள்ளே விழும். மென்மையான பிரஷ்ஷால் சுற்றிலும் தட்டிவிட்டு, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு பிறகு கழற்றுங்கள்.

அப்புறம் ஷட்டர் விஷயம். டிஎஸ்எல்ஆரில் மெனுவில் சென்சாரைச் சுத்தம் செய்வதற்கென்று மிரரைத் தூக்கி நிறுத்தும் வசதி இருக்கும், அதைத்தான் பயன்படுத்தவேண்டும். பல்ப் மோடில் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும்) விரலை அழுத்திக்கொண்டு செய்யாதீர்கள், விரல் நழுவினால் ஷட்டர் மூடும். பாட்டரி நிறைந்திருக்கட்டும், குறைவாக இருந்தால் பல கேமராக்கள் அந்த மெனுவையே திறக்கவிடாது. மிரர்லெஸ்ஸில் பெரும்பாலும் அணைத்தாலே சென்சார் வெளியே தெரியும். ஆனால் கேனான் இஓஎஸ் ஆர் போல அணைத்ததும் ஷட்டரை மூடிக்கொள்ளும் கேமராக்களும், நிக்கான் இசட்9 போல தனி மறைப்பு இறங்கும் கேமராக்களும் இருக்கின்றன. லென்ஸ் மாற்றும்போது அது பெரிய பாதுகாப்பு, ஆனால் மூடிய ஷட்டர் இதழ் மேல் ப்ளோயரை அடித்தால் இதழ் வளைந்து செலவு வைக்கும். சென்சாரின் பளபளப்பு கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடிக்கவேண்டும்.

ப்ளோயரை உள்ளே காட்டுமுன் வெளியில் ஐந்தாறு தடவை அழுத்தி, உள்ளே தங்கியிருக்கும் தூசியைக் கக்கவிடுங்கள். வாங்கும்போதே ஒன்றைப் பாருங்கள்: அழுத்தி விட்டதும் காற்றை வால் பக்கத்து வால்வு வழியாக இழுக்கிறதா, முனை வழியாகவே இழுக்கிறதா? முனை வழியாக இழுப்பது சென்சாரிலிருந்து கிளப்பிய தூசியையே உள்ளே வாங்கி அடுத்த அழுத்தில் திருப்பி அடிக்கும். கேமராவின் வாய் கீழ்நோக்கி இருக்க, முனை லென்ஸ் மவுண்ட் வளையத்தைத் தாண்டி உள்ளே போகாமல், வேகமாக, பல கோணங்களில், சென்சாரின் கீழ்ப்பாதிக்குக் கொஞ்சம் அதிகமாக அடியுங்கள். கிளம்பிய தூசி கீழே விழவேண்டும், அதற்காகத்தான் கவிழ்த்துப் பிடிப்பது. கையோடு லென்ஸின் பின்கண்ணாடி, ரியர் கேப், பாடி கேப் எல்லாவற்றிலும் இரண்டு அழுத்து. சட்டைப் பையில் கிடந்த ரியர் கேப்தான் நூலும் பஞ்சும் உள்ளே போகிற முக்கிய வழி. மாட்டிவிட்டு மறுபடி சோதனைப் படம்.

வாயால் ஊதக்கூடாது, எச்சில் தெறித்தால் தூசியைவிடப் பெரிய வேலை. கம்ப்யூட்டருக்கு அடிக்கிற டப்பாக் காற்றும் கூடாது, சாய்த்துப் பிடித்தால் உள்ளிருக்கும் திரவம் குளிர்ந்து சீறி வந்து கறை போட்டுவிடும். மைக்ரோஃபைபர் துணி, பட்ஸ், வேட்டி நுனி எதுவும் உள்ளே போகக்கூடாது. காரணம் எளிது. கடற்கரை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், மோஸ் அளவில் அதன் கடினம் 7. சாதாரணக் கண்ணாடி ஐந்தரை சுமார். ஒரு மணல் மணி துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே மாட்டினால் கீறல் உறுதி, கீறலை எந்தத் திரவமும் துடைக்காது.

போகவில்லையா? எடுக்கும் விதத்தை மாற்றுங்கள்

காய்ந்த உப்புத் துளியும் மகரந்தமும் ப்ளோயருக்கு அசையாது. அன்றைய வெளிச்சமும் காத்திருக்காது. இப்போது கை கொடுப்பது அப்பர்ச்சர்தான்.

நிலக்காட்சி என்றாலே எஃப்16 என்று கை தானாகப் போகிறது, பெரும்பாலும் தேவையே இல்லை. முழு ஃபிரேம் கேமராவில் 20 மி.மீ. லென்ஸை எஃப்8-ல் வைத்து, 1.7 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், 85 சென்டிமீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக வரும். எஃப்16-க்கு மேல் மூடும்போது டிஃப்ராக்ஷனால், அதாவது சின்னத் துவாரத்தில் ஒளி சிதறுவதால், படம் மென்மையாகிப்போகும், அதுவும் இதனால் தவிரும். அலையைப் பாலாக்க எஃப்22-க்குப் போகிறவர்கள் எஃப்8-லேயே இருந்துகொண்டு 3 ஸ்டாப் என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) போட்டால் அதே ஷட்டர் நேரம் கிடைக்கும், தூசி கறுப்புப் புள்ளியாக நிற்காமல் வெளிறிவிடும்.

சூரியன் நட்சத்திரம் போல் கூர்கூராக வேண்டும் என்றால் எஃப்16 தேவைதான். முக்காலியில் வைத்து எஃப்16-ல் ஒன்று, எக்ஸ்போஷர் மாறாமல் எஃப்8-ல் ஒன்று எடுத்துவிடுங்கள். நட்சத்திரத்தை முதல் படத்திலிருந்தும், வானத்தை இரண்டாவதிலிருந்தும் எடுத்துச் சேர்க்கலாம். கையில் பிடித்து எடுக்கிறீர்களா, ஃபிரேமைச் சற்று நகர்த்தி இரண்டாவது ஒன்று எடுங்கள், புள்ளி இருந்த இடத்துக்கு நல்ல வானம் அதில் இருக்கும். இடம் தெரிந்த பெரிய புள்ளி என்றால் அதைப் பாறை மேலோ அலை நுரை மேலோ விழும்படி ஃபிரேம் அமைப்பதும் ஒரு வழி, அப்படிப்பட்ட பரப்பில் அது அநேகமாகக் கரைந்துவிடும்.

நிக்கானில் இமேஜ் டஸ்ட் ஆஃப் என்றும், கேனானில் டஸ்ட் டெலீட் டேட்டா என்றும் ஒரு வசதி உண்டு. வெள்ளைப் பரப்பு ஒன்றை எடுத்துத் தூசி வரைபடம் பதிந்துகொள்ளும், பிறகு அவர்களுடைய மென்பொருளில் அதை வைத்துப் புள்ளிகளை நீக்கலாம். வேறு மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு அதில் பயன் இல்லை.

இரவு, அறையில்

லாட்ஜ் அறைக்கு வந்ததும் முதலில் சீலிங் ஃபேனை அணையுங்கள், அதன் இறக்கை மேல் இருக்கிற தூசி வேறு எங்கும் இருக்காது. அறையில் நல்ல இடம் பெரும்பாலும் குளியலறைதான். தரையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு, கதவைச் சாத்தி, ஈரம் காற்றில் அடங்கக் கொஞ்ச நேரம் விட்டால் மிதக்கிற தூசி படிந்துவிடும். அங்கே முதலில் மறுபடியும் ப்ளோயர். துடைக்கப் போகுமுன் தளர்வான மணல் ஒன்றுகூட இருக்கக்கூடாது.

ஒன்றிரண்டு புள்ளிதான் என்றால் ஜெல் ஸ்டிக்கால் (முனையில் ஒட்டும் ஜெல் உள்ள குச்சி) அந்த இடத்தில் மட்டும் ஒற்றி எடுக்கலாம். உங்கள் கேமராவின் கண்ணாடிப் பூச்சுக்கு ஏற்றதா என்று பார்த்து வாங்குங்கள், அதிகம் ஒட்டும் ஜெல் சில கேமராக்களுக்கு ஆகாது. உப்பு, எண்ணெய் என்றால் ஈர ஸ்வாப்தான், அதாவது முனையில் துணி சுற்றிய தட்டையான துடைப்புக் குச்சி. முழு ஃபிரேமுக்கு 24 மி.மீ., அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 16 மி.மீ. அகலம். சென்சாரின் உயரத்துக்குப் பொருந்தவேண்டும் என்பதால்தான் இந்த அளவு. ஸ்வாப் முனையில் சென்சார் திரவம் இரண்டு சொட்டு விட்டு, ஊறுவதற்குச் சில நொடி விடுங்கள், சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தால் ஓரங்களில் கறை நிற்கும். ஒரு ஓரத்தில் வைத்து, போகிற திசைக்குக் கைப்பிடியைக் கொஞ்சம் சாய்த்து, நடுவில் நிறுத்தாமல் தூக்காமல் மறு ஓரம் வரை ஒரே இழுப்பு. ஸ்வாப்பைப் புரட்டி, சுத்தமான பக்கத்தால் அங்கிருந்து திரும்பி ஒரு இழுப்பு. அவ்வளவுதான், அந்த ஸ்வாப் குப்பைக்கு. பேனாவால் எழுதுகிற அழுத்தம் போதும். உள்ளே ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தை ஈடுகட்டச் சென்சாரை நகர்த்தும் வசதி) உள்ள கேமராவில் சென்சார் மிதந்துகொண்டிருப்பதால் அதைவிடக் குறைத்தே அழுத்துங்கள், நிறுவனம் சொல்லும் கிளீனிங் மெனு வழியாகவே போங்கள்.

சென்சார் திரவங்கள் பலவும் மெத்தனால் கலந்தவை, சட்டென்று தீப்பற்றும். பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். மருந்துக்கடை ஸ்பிரிட் இதற்கு மாற்று அல்ல, காய்ந்தபின் படலம் விட்டுவிடும்.

அப்படியே பையையும் காலி செய்து, தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். இதைச் செய்யாவிட்டால் இன்று சுத்தம் செய்ததெல்லாம் நாளைக் காலை வீண். நாளைக்குப் போடப்போகிற லென்ஸை இப்போதே மாட்டிவிடுங்கள்.

ஏற்கெனவே எடுத்த படங்களுக்கு லைட்ரூம் மென்பொருளில் விஷுவலைஸ் ஸ்பாட்ஸ் (புள்ளிகளை எடுத்துக்காட்டும் வசதி) போட்டு, சோதனைப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு படத்தைச் சரிசெய்து, அதே திருத்தத்தை அந்த நேரத்தில் எடுத்த மற்ற வானப் படங்களுக்கும் சிங்க் செய்யுங்கள். தூசி இடம் மாறாது என்பதால் பெரும்பாலும் சரியாகவே உட்காரும், பாறையும் மனிதர்களும் வருகிற இடங்களை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டால் சரி.

எப்போது சர்வீசுக்குக் கொடுக்கவேண்டும்

இரண்டு ஸ்வாப் போட்டும் அசையாத புள்ளி, கீறல் போன்ற கோடு, சுத்தம் செய்த சில நாளிலேயே திரும்பத் திரும்ப வருகிற எண்ணெய்த் துளிகள், இந்த மூன்றையும் நீங்களே தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். 2012-ல் வந்த நிக்கான் டி600-ல் இந்தப் புள்ளிப் பிரச்சினை பரவலாக வந்து, 2014-ல் உத்தரவாதக் காலம் முடிந்த கேமராக்களுக்கும் நிக்கான் இலவசமாக ஷட்டர் மாற்றிக் கொடுத்தது. குறை கேமராவிலேயே இருக்கும்போது ஸ்வாப்பில் காசைக் கொட்டி என்ன பயன்? கொடுக்கும்போது கார்டையும் லென்ஸையும் கழற்றிக்கொண்டு, எஃப்16 சோதனைப் படத்தின் பிரதியைக் காட்டி எந்தப் புள்ளி என்று சொல்லிக் கொடுங்கள். திரும்ப வாங்கும்போது லென்ஸையும் கார்டையும் கையோடு கொண்டுபோய், கவுண்டரிலேயே அதே எஃப்16 சோதனையை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தபிறகு ரசீதில் கையெழுத்துப் போடுங்கள்.